கேளுங்க, சொல்றோம்: இனிப்பா லேசா ஒரு வெள்ளை ஒயின்

(இந்த வாரம் வந்த கேள்வில பாதிக்கு மேல ஒயினப் பத்திதான். ராம்நாடு கடக்கரைக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. 21 வயசு ஆகாதவங்க அடுத்த பக்கத்துக்குப் போயிடுங்க, தமிழ்நாட்டுல அதுதான் சட்டம்.)

கேள்வி: பெங்களூர்ல வேலைக்கு சேந்து ஆபீஸ் பார்ட்டில முதல் தடவையா சிவப்பு ஒயின் குடுத்தாங்க. கடுக்காய் கஷாயம் மாதிரி நாக்கெல்லாம் இழுத்துக்கிச்சு. "பழகப் பழக சரியாயிடும்"ங்குறாங்க. எனக்கு இனிப்பா, லேசா இருந்தா போதும். அப்படி ஏதாவது இருக்கா, இல்ல ஒயினே எனக்கு ஆகாதா? - வாசகி, மண்டபம்

ஏம்மா ஆகாது, தாராளமா ஆகும். உங்களுக்கு நாக்க இழுத்தது டேனின், திராட்சைத் தோல்லயும் கொட்டையிலயும் இருக்குற துவர்ப்பு. சிவப்பு ஒயின் தோலோட சேத்து ஊறுது, வெள்ளைக்கு சாறை மட்டும் பிழிஞ்சு எடுத்துடுறாங்க, அதனால அந்தத் துவர்ப்பு பெருசா வராது. பிடிக்காததை பழகியே ஆகணும்னு யாரு சொன்னா, காசு குடுத்து வாங்குறது நாம.

நீங்க முதல்ல தேட வேண்டிய பேரு மொஸ்காட்டோ தாஸ்தி. இத்தாலில பியமாண்ட் பக்கம் செய்யுறது, ஆல்கஹால் 5 சதவீதம் சுமாருக்குத்தான் இருக்கும், மெல்லிசா நுரை கட்டும். ஈஸ்ட் திராட்சைச் சாறுல இருக்குற சர்க்கரையத் தின்னுதான் ஆல்கஹாலா மாத்துது, பாதியிலயே சாறை நல்லா குளுர வச்சு ஈஸ்ட்டை வடிகட்டிட்டா மிச்ச சர்க்கரை அப்படியே தங்கிடும். ஆல்கஹால் கம்மி, இனிப்பு ஜாஸ்தி, ரெண்டும் ஒரே வேலையில முடிஞ்சுது.

இதோட வாசம் உங்களுக்குப் புதுசு இல்ல. கம்பத்துல இருந்து வர்ற பன்னீர் திராட்சைய கவர் பிரிச்ச உடனே ரோஜா மாதிரி ஒண்ணு அடிக்கும்ல, அதே குடும்பம்தான். பன்னீர் திராட்சைக்கு வெளிநாட்டுப் பேரு மஸ்கட் ஹாம்பர்க், மொஸ்காட்டோவுக்குப் போடுற வெள்ளை மஸ்கட்டுக்கு அது பேத்தி முறை. ரோஜாவுல இருக்குற ஜெரானியால்ங்குற வாசனைப் பொருள் இந்தத் திராட்சையிலயும் இருக்கு, நம்ம ஆளுங்க பன்னீருன்னு பேரு வச்சது சும்மா இல்ல.

அது பழகினப்புறம் ஜெர்மனில மோசல் ஆத்துப் பக்கத்து ரீஸ்லிங்ங்குற வெள்ளை ஒயின், லேபிள்ல கபினெட்னு இருக்கும், பெரும்பாலும் 8, 9 சதவீதம். இனிப்போட எலுமிச்சை மாதிரி ஒரு புளிப்பும் இருக்கும், அதனால திகட்டாது. என்னைக் கேட்டா மொஸ்காட்டோவ விட இதுதான் ஒரு படி மேல, ஆனா முதல் நாளே இதைக் குடிச்சா புளிப்பு மட்டும்தான் தெரியும், அதான் வரிசையா சொல்றேன். இதெல்லாம் விலை ஜாஸ்தின்னா நாசிக்ல செய்யுற ஷெனின் பிளாங்க்னு ஒரு வெள்ளை ஒயின் இருக்கு, சுலா கம்பெனிது பெங்களூர்ல சுலபமாக் கிடைக்கும், லேசான இனிப்புதான், மொஸ்காட்டோ அளவுக்கு எதிர்பாக்காதீங்க.

கேள்வி: எக்ஸ்ட்ரா டிரைனு போட்ருந்த பாட்டிலை கூட்டாளி வாங்கிட்டு வந்தான், கொஞ்சம் இனிச்சுது. டிரைன்னா இனிப்பு இல்லாததுன்னுல்ல சொன்னாங்க? - தொண்டி வாசகர்

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்ல. உங்க கூட்டாளி வாங்குனது நுரை வர்ற ஒயினா இருக்கும், அதுல மட்டும் கணக்கு வேற, பிரூட்னு போட்டா லிட்டருக்கு 12 கிராம் வரைக்கும்தான் சர்க்கரை, எக்ஸ்ட்ரா டிரைன்னா 12ல இருந்து 17, டெமி செக்னா 32ல இருந்து 50. பேரைப் பாத்தா தலைகீழா இருக்கும், என்ன பண்றது, பழைய வழக்கம். ஜெர்மன் பாட்டில்ல ட்ராக்கன்னு இருந்தா இனிப்பு இல்ல, விட்டுடுங்க. எந்த பாஷையும் புரியலயா, ஆல்கஹால் சதவீதத்த மட்டும் பாருங்க. வெள்ளை ஒயின்ல 5ல இருந்து 9க்குள்ள இருந்தா பெரும்பாலும் இனிப்பு, 12, 13ன்னா சர்க்கரை முக்காவாசி ஆல்கஹாலா மாறிப்போச்சுன்னு அர்த்தம். லேட் ஹார்வெஸ்ட்னு போட்டிருந்தா மட்டும் இந்தக் கணக்கு சரியா வராது, அது 12 இருந்தாலும் இனிக்கும், பழத்தை கொடியிலயே நல்லா கனிய விட்டுப் பறிச்சது.

கேள்வி: அண்ணே, நம்ம ஊரு நண்டு மசாலாவுக்கு இந்த இனிப்பு ஒயின் செட் ஆகுமா? மச்சான் சிரிக்கிறான். - பாம்பன்

மச்சானை சிரிக்க விடுங்க. காரத்துக்கு இனிப்பு வெள்ளைதான் சரி. ஆல்கஹால் கூடக்கூட மிளகாய் எரிச்சலும் கூடும், 14 சதவீத ஒயினோட முண்டு மிளகாய் அரைச்சுப் போட்ட மசாலாவைச் சாப்ட்டா வாய் பத்திக்கும், கம்மி ஆல்கஹாலும் கொஞ்சம் சர்க்கரையும் இருந்தா அந்த எரிச்சல் அடங்கும். நண்டு சதையே இனிப்புதானே, ரீஸ்லிங்கோட புளிப்பு அதுக்கு எலுமிச்சை பிழிஞ்ச மாதிரி வேலை செய்யும். சிவப்பு ஒயினை மீனோட குடிச்சா சில சமயம் கவிச்சி தூக்கலாத் தெரியும், ஒயின்ல இருக்குற இரும்புச்சத்துதான் காரணம்னு ஜப்பான்ல ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க. இறால் வறுவல், கணவாய் பெரட்டல், நெத்திலி பொரிச்சது எல்லாத்துக்கும் தைரியமா எடுங்க. புளி ஊத்துன மீன் குழம்புக்கு மட்டும் வேணாம், குழம்பு புளிப்புல ஒயின் தண்ணியாப் போயிடும்.

கேள்வி: எங்க கிடைக்கும்? வாங்கி வச்சா நம்ம வெயில்ல கெட்டுப் போகாதா? - ராமநாதபுரம்

தமிழ்நாட்டுல டாஸ்மாக் தவிர வேற சில்லறைக் கடை கிடையாது, 2003ல இருந்து அப்படித்தான். எலைட் கடையில கேட்டுப் பாருங்க, சின்ன ஊர்ல மொஸ்காட்டோ கேட்டா உங்களை ஒரு மாதிரிப் பாப்பாங்க. பாண்டிச்சேரில நிறைய வகை இருக்கு, அங்கயே குடிச்சிட்டு வாங்க, பாட்டிலைக் கட்டிட்டு பஸ் ஏறி செக்போஸ்ட்ல மாட்டிக்காதீங்க.

மொஸ்காட்டோ வருஷக்கணக்கா வச்சு குடிக்கிற சரக்கு இல்ல, புதுசுலயே வாசம். அதனால லேபிள்ல வருஷத்தைப் பாத்து புதுசா எடுங்க, ஏசி இல்லாத கடையில ஜன்னலோரம் வெயில் பட நிக்கிற பாட்டில் வேணவே வேணாம். வீட்டுக்கு வந்த உடனே ஃபிரிட்ஜ், 6ல இருந்து 8 டிகிரில குடிக்கணும், சூடா இருந்தா சர்க்கரைத் தண்ணி மாதிரிதான் இருக்கும். தொறந்தா ரெண்டு மூணு நாள்ல முடிச்சிடுங்க, அப்புறம் நுரையும் போயிடும் வாசமும் போயிடும்.

கேள்வி: அப்பாவுக்கு சுகர். லேசான ஒயின் ஒடம்புக்கு நல்லதுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சாம், ஒரு கிளாஸ் கேக்குறாரு. - கீழக்கரை பக்கம், பேர் வேண்டாம்

குடுக்காதீங்க. மொஸ்காட்டோ ஒரு கிளாஸ்ல நாலு ஸ்பூன் சர்க்கரை இருக்கும், சுகர் மாத்திரை, இன்சுலினோட ஆல்கஹால் சேந்தா திடீர்னு சுகர் எறங்கவும் செய்யும், டாக்டரைக் கேக்காம ஒரு சொட்டு கூடாது. மது எந்த அளவு குடிச்சாலும் பாதுகாப்புன்னு சொல்ல முடியாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023லயே சொல்லிடுச்சு, அந்த வாட்ஸ்அப்புக்கு பதிலா இதை ஃபார்வர்ட் பண்ணுங்க.

கேள்வி: லேசுதானே, ஒரு பாட்டில் முழுசா அடிக்கலாமா? - தேவிபட்டினம்

கணக்கு போடுவோம். 750 மில்லி மொஸ்காட்டோ 5.5 சதவீதம்னா 41 மில்லி சுத்த ஆல்கஹால். 650 மில்லி பீர் 5 சதவீதம்னா 32 தான், ஆக ஒரு பீரை விடக் கூடவே போகுது. நாசிக் ஷெனின் பிளாங்க் 12 சதவீதம்னு வைங்க, ஒரு பாட்டில்ல 90 மில்லி, கிட்டத்தட்ட மூணு பீர். இனிப்பா இருக்குறதால ஏறுறது தெரியாது, எந்திரிச்சு நிக்கும்போதுதான் தெரியும். ரெண்டு பேரா உக்காந்து, பக்கத்துல தண்ணி பாட்டில் வச்சுக்கிட்டு ஆளுக்கு ஒரு கிளாஸ் போதும், வண்டிச் சாவிய மட்டும் வீட்டுல குடுத்துடுங்க.