லைட் பளிச், செல்ஃப் மட்டும் 'டக்'

கேள்வி: குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். பழைய டெம்போ டிராவலர் வாங்கி, உள்ளே கட்டில், ஃபேன், சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறோம். ஏலகிரியில் இரவு தங்கினால் காலையில் செல்ஃப் முக்கி முக்கி நின்றுவிடுகிறது. சில நாள் காட்பாடியில் டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும்தான். ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. ஒரே வருடத்தில் 2 பேட்டரி மாற்றியாகிவிட்டது. இன்னொன்று வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் வண்டியில் இருப்பது இரண்டு கோளாறு. இரண்டுக்கும் பேட்டரியே பழி சுமக்கிறது.

டீக்கடைக் கோளாறை முதலில் பார்ப்போம். நீங்கள் சாவியைத் திருப்பும்போது ஹெட்லைட்டை வேறொருவர் கவனிக்கட்டும். வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரியோ அதன் டெர்மினலோ சரியில்லை. மங்காமல் எரிந்தால், பேட்டரியில் தெம்பு இருக்கிறது. செல்ஃபுக்குப் போய்ச் சேரவில்லை. அப்போது நான் முதலில் சந்தேகப்படுவது எர்த்தைத்தான், அதாவது மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழியை. லைட்டுக்கு எர்த் பாடியில். செல்ஃபுக்கோ இன்ஜினில். இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருப்பதால், அதையும் சேசிஸையும் ஒரு தடித்த கேபிளோ பின்னல் பட்டையோ இணைக்கும். பழைய வண்டியில் அதன் போல்ட் துருப்பிடித்திருக்கும். டீசல் செல்ஃப் 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தப் பாதையில் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் காணாமல் போய்விடும்.

வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மற்றொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆள் சிக்கிவிட்டான். மீட்டர் இல்லையா, அந்த இரண்டு இடத்தையும் ஜம்பர் கேபிளால் இணைத்து செல்ஃப் அடித்துப் பாருங்கள். உடனே சுற்றினால் எர்த்தைக் கழற்றி, பளபளவென்று உப்புத்தாள் போட்டு இறுக்கினால் போதும். அதிலும் 'டக்' மட்டும்தான் என்றால் பாசிட்டிவ் கேபிள், சோலனாய்டு (செல்ஃபுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), செல்ஃபின் கார்பன் பிரஷ் என்று வரிசையாகப் போக வேண்டும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கதை. மலைக் குளிரில், டீசல் இன்ஜினின் உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள்.

ஏலகிரிக் கோளாறுக்குக் காரணம் ஃபிரிட்ஜ். 4 ஆம்பியர் இழுக்கும் சாதனம் இரவு 10 மணி நேரம் ஓடினால் 40 ஆம்பியர்-அவர் காலி. 80 ஆம்பியர்-அவர் பேட்டரியில் அது சரிபாதி. முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டியது காலையில் 12.2-க்கு வந்திருக்கும். அடிக்கடி இப்படி இறக்கினால் செல்ஃப் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். வேலூர் வெயில் மிச்ச ஆயுளையும் குடித்துவிடும். உள் சாதனங்களுக்குத் தனியாக ஓர் இன்வெர்ட்டர் பேட்டரி வைத்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் இரண்டையும் இணைக்கும் ரிலே போடச் சொல்லுங்கள். அதற்கு முன், இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8-லிருந்து 14.4 வோல்ட் வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் டைனமோவைக் கழற்ற வேண்டியதுதான்.

கட்டில் போட்டவர் பிளைவுட்டுக்குப் பின்னால் ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தால் (பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்) பிரித்துப் பாருங்கள். கத்திரி வெயிலில் டேப்பின் பசை இளகி, செம்பு வெளியே தெரியும். பேட்டரியிலிருந்து உள்ளே போகும் ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும். கை வைக்கும் முன் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றுங்கள்; மாட்டும்போது அது கடைசி.