மச்சானின் டார்கெட், உங்கள் இ.எம்.ஐ.

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு நாலு வயது. வருடத்துக்கு 7,000 கி.மீ. ஓடினால் அதிகம். என் மனைவியின் தம்பி வேலை பார்க்கும் ஷோரூமில்தான் சர்வீஸ் விடுகிறேன். ஆறு மாதம் முன்பு 9,800 ரூபாய் பில் வந்தது, இப்போது 19,400. கிரெடிட் கார்டில் 12 மாத இ.எம்.ஐ.யாக மாற்றிக்கொண்டேன். மூன்று வருடத்துக்கு 32,000 ரூபாய் பேக்கேஜ் போட்டுக்கொள்ளச் சொல்கிறான். போடலாமா? ஏ.சி.யில் வேறு வாடை வருகிறது.
- வாசகர், திருச்சி

பதில்: பில்லையும், கார் விடும்போது செய்யவேண்டிய வேலைகளை எழுதித் தரும் ஜாப் கார்டையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. காலையில் கார் விடும்போது போட்ட எஸ்டிமேட் 7,500. ஆயில், ஃபில்டர்கள், அலைன்மென்ட், லேபர், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்து பில்லில் 7,200-தான் ஆகியிருக்கிறது. மீதி 12,200 எப்படி ஏறியது என்பதை நான் ஊகிக்கிறேன். நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது போன் வந்திருக்கும்: “மாமா, ஆயில் தார் மாதிரி இருக்கு, இன்ஜின் ஃப்ளஷ் பண்ணிடட்டுமா?” வாட்ஸ்அப்பில் படமும் வந்திருக்கும். “சரிப்பா, பண்ணிடு.”

இந்த “சரிப்பா”தான் உங்கள் வியாதி. ஓடிய ஆயில் கறுப்பாகத்தான் இருக்கும். அழுக்கைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. இன்ஜின் ஃப்ளஷ் (இன்ஜினுக்குள் திரவம் ஊற்றிக் கழுவுவது), டெஃப்லான் கோட்டிங் (பெயின்ட் மேல் பூசும் பளபளப்புப் பூச்சு) இரண்டும் காரோடு வந்த கையேட்டின் சர்வீஸ் அட்டவணையில் இருக்கிறதா என்று பாருங்கள். காரின் அடிப்பாகம் துருப்பிடிக்காமல் பூசும் அண்டர்பாடி கோட்டிங்குக்கு நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ இருந்தால் ஒரு நியாயம் உண்டு. திருச்சியில் எங்கே உப்புக்காற்று? டயரில் அடைத்த நைட்ரஜனுக்கும் காசு வாங்கியிருக்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

கணக்கு இப்படி வருகிறது. இரண்டு பில்லும் சேர்ந்து 29,200. இ.எம்.ஐ.க்கு 16 சதவீத வட்டி, வட்டி மேல் ஜி.எஸ்.டி., பிராசஸிங் கட்டணம் என்று இன்னொரு 2,200. ஆக 31,400. உங்கள் ஓட்டத்துக்கு வருடம் ஒரு சர்வீஸ் போதும், 7,200. மீதி 24,200, அதாவது மாதம் சுமார் 2,000 ரூபாய் மச்சானின் டார்கெட்டுக்குப் போகிறது.

அவனைக் குறை சொல்லவில்லை, மேலே இருந்து அவனை நெருக்குகிறார்கள். ஆனால் தீபாவளிக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பது வேறு, வட்டிக்கு வாங்கி டார்கெட்டை முடித்துக் கொடுப்பது வேறு. வீட்டில் பேசிவிட்டு அவனிடம் நேராகச் சொல்லுங்கள்: “சர்வீஸ் உன்னிடம்தான், அட்டவணையில் இருப்பது மட்டும்.” ஜாப் கார்டிலேயே, ‘எஸ்டிமேட்டுக்கு மேல் எந்த வேலையும் வேண்டாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மாற்றிய பாகங்களை டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள். பிரேக், டயர் சம்பந்தமாக ஏதாவது சொன்னால் மட்டும் நேரில் போய்ப் பார்த்து முடிவெடுங்கள். அதில் சிக்கனம் வேண்டாம். வாரன்ட்டி மிச்சமிருந்தால் வெளி மெக்கானிக்கிடம் போகவும் வேண்டாம்.

பேக்கேஜ்? மூன்று சர்வீஸுக்கு, விலை கொஞ்சம் ஏறினாலும், 24,000 தாண்டாது. அதற்கு 32,000-ஐ முன்பணமாக, அதுவும் கார்டில் தேய்த்துக் கொடுப்பதா? மாதம் 650 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. போடுங்கள், அடுத்த சர்வீஸ் செலவு அதிலேயே அடங்கிவிடும்.

ஏ.சி. வாடைக்கு முதலில் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல கார்களில் டேஷ்போர்டின் இடப்பக்கப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். சில நூறு ரூபாய்தான், பத்து நிமிடத்தில் நீங்களே மாற்றிவிடலாம்.