பெயர் ஒன்று, வண்டி வேறு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வேகன்-ஆர் ஜப்பானிலும் ஓடுகிறது, இந்தியாவிலும் ஓடுகிறது. இரண்டும் ஒரே வண்டியா? ஒரே மாதிரி செய்தால் செலவு மிச்சமாகாதா?

பதில்: பெயர்தான் ஒன்று. ஜப்பான் வேகன்-ஆர் 3,395 மி.மீ. நீளம், 1,475 மி.மீ. அகலம், 660 சி.சி. எஞ்சின். இந்திய வண்டி 3,655 மி.மீ. நீளம், 1,620 மி.மீ. அகலம், எஞ்சின் 1 லிட்டர் அல்லது 1.2 லிட்டர். ஜப்பானில் ‘கே’ எனப்படும் குட்டிக் கார் வகைக்கு வரம்பு 3.4 மீ. நீளம், 1.48 மீ. அகலம், 660 சி.சி. அதற்குள் அடங்கினால் ஆண்டு வரி குறைவு. பல ஊர்களில் வண்டி நிறுத்த சொந்த இடம் உண்டு என்ற சான்றும் கேட்பதில்லை. வரம்பைத் தொட்டும் தொடாமலும் வண்டி நிற்பது அதனால்தான்.

இந்தியாவில் கோடு 4 மீட்டர் நீளத்தில் விழுகிறது. பெட்ரோல் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி. தாண்டக்கூடாது. 2025 செப்டம்பர் முதல் இதற்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. 18%, மீறினால் 40%. மாருதி டிசையர் 2012-ல் 3,995 மி.மீ.க்குச் சுருங்கியது, ஜி.எஸ்.டி.க்கு முன்பே இருந்த இந்த 4 மீட்டர் கோட்டுக்காகத்தான். அந்தக் கத்தரித்த டிக்கிக்கு டிசைனரைத் திட்டிப் பயனில்லை. அளவெடுத்துக் கொடுத்தது வரிச் சட்டம்.

செலவை மிச்சப்படுத்தத்தான் கண்ணுக்குத் தெரியாத பாகங்களைப் பல நாட்டு வண்டிகளுக்கும் பொதுவாக வைக்கிறார்கள்: அடித்தளம், கியர்பாக்ஸ், எஞ்சின் குடும்பம். விளக்கு, பம்பர், ஏர்பேக் ஆகியவை நாட்டு விதிப்படி மாறும். உதாரணமாக, ஐரோப்பாவில் பின்பக்க இண்டிகேட்டர் மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும். அமெரிக்காவில் சிவப்பும் செல்லும்.

கேள்வி: பிரேசிலில் எத்தனாலில் ஓடும் கார்கள் உண்டாமே. சாதாரண பெட்ரோல் காரில் முழு எத்தனால் ஊற்றினால் என்ன?

பதில்: ஊற்றாதீர்கள். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது உள்ளே போகிற அதே காற்றுக்கு இன்ஜெக்டர் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எரிபொருளைத் தெளிக்க வேண்டும். பெட்ரோலுக்கு அளந்த இன்ஜெக்டரால் அது முடியாது. கலவை மெலிந்து வண்டி திக்கும், எஞ்சின் விளக்கு எரியும். எரிபொருள் பம்ப், ரப்பர் குழாய், சீல் எல்லாம் எத்தனாலைத் தாங்கும் பொருளில் இல்லாவிட்டால் அரிப்பு வேறு. பிரேசில் பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது கொஞ்சம் தண்ணீர் கலந்த எத்தனால் என்பதால் அங்கே அரிப்புக்கு இன்னும் வசதி.

குளிரில் எத்தனால் லேசில் ஆவியாகாது. அதனால் பிரேசிலின் பழைய ஃபிளெக்ஸ் கார்களில் (பெட்ரோல், எத்தனால் இரண்டிலும் ஓடுபவை) பானெட்டுக்குள் ஒரு குட்டி பெட்ரோல் டேங்க் இருக்கும், காலையில் ஸ்டார்ட் செய்ய மட்டும். புதியவற்றில் எரிபொருளைச் சூடாக்கி அனுப்புகிறார்கள். மைலேஜும் ஏறத்தாழ 30% குறையும்.

கேள்வி: அமெரிக்காவில் ஹோண்டாவின் சின்ன கார் ஃபிட் விற்பனை ஏன் நின்றது?

பதில்: 2020-ல் அங்கே நிறுத்திவிட்டார்கள், ஜப்பானில் இன்னும் விற்கிறார்கள். சின்ன காருக்கும் ஏர்பேக், மோதல் சோதனைச் செலவு பெரிதாகக் குறையாது, லாபமோ சொற்பம். அதே ஃபிட் அடித்தளத்தில் உயரமான உடலை ஏற்றி எச்ஆர்-வி என்று கூடுதல் விலைக்கு விற்க முடிந்தது. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.