நெல்லைப் பக்கம் பால்புதுமையர் பைக் பயணம்: எந்த மாதம், எந்த வழி?

பால்புதுமையர் (LGBTQ+ மக்கள்) சேர்ந்து நெல்லைப் பக்கம் வருடா வருடம் பைக் பயணம் போக எது நல்ல மாதம் என்று கேட்டிருக்கிறீர்கள். சான் பிரான்சிஸ்கோவின் பால்புதுமையர் பெருமிதப் பேரணியில் 1976இல் சில பெண்கள் பைக்கில் முன்னால் போனார்கள்; அங்கே அது இன்றும் தொடர்கிறது.

இங்கே ஆடியை மட்டும் விட்டுவிடுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். முப்பந்தலில் காற்றாலைகளைச் சும்மாவா நட்டார்கள்! தை மாதம், மழை ஓய்ந்த பிறகு, அம்பாசமுத்திரம், கடையம் வழியாகத் தென்காசி போங்கள். உங்கள் தடத்துக்குள்ளேயே ஒருவர் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என்று இரண்டு வரிசையாக ஓட்டுங்கள். தன் வரிசையில் முன்னால் போகும் வண்டிக்கு இரண்டு வினாடியாவது இடைவெளி வேண்டும். பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர் கடைசியில் வரட்டும்.

அப்புறம் படம். தாங்கள் பால்புதுமையர் என்று வீட்டில் இன்னும் சொல்லாதவர்களும் வருவார்கள். முகமோ நம்பர் பிளேட்டோ தெரியும் படத்தை அவர்களைக் கேட்காமல் பகிர வேண்டாம்.