மாட்டை வித்தாச்சுன்னு சொல்லாதீங்க அம்மிணி

கேள்வி: அக்கா, எங்க அத்தைக்கு 76 வயசுங்க. டிமென்சியா, அதான் மறதி நோயின்னு டாக்டர் சொல்லி 2 வருஷமாச்சு. பகலெல்லாம் சும்மாதான் உக்காந்திருக்காங்க, பொழுதெறங்குனா போதும், கவுத்தை எடுத்துக்கிட்டு மாடு கத்துது பால் கறக்கோணும்னு கேட்டைத் தொறக்கறாங்க. மாட்டை வித்து 6 வருஷமாச்சுங்கத்தைன்னு சொன்னா கையை ஓங்கறாங்க. இதுல அவங்க சங்கிலியை நாந்தான் எடுத்துட்டேன்னு வர்ற ஒறம்பரைக எல்லார்த்துகிட்டயும் சொல்றாங்க. வீட்டுக்காரர் தறிக்குப் போயிடுவாரு, நான் ஒருத்தியே பாக்கறேன். தூக்க மாத்திரை குடுக்கலாமுங்களா?
- வாசகி, காங்கேயம் பக்கம்

பதில்: மாட்டை வித்தாச்சுன்னு நீங்க சொல்ற ஒவ்வொரு நாளும் அவங்களுக்கு அது அன்னைக்குத்தான் புதுசா வந்து விழற சேதி அம்மிணி, அதான் கை ஓங்குது. வாழ்நாள் பூரா அந்த நேரத்துக்கு கட்டுத்தரைக்குப் போன உடம்புங்க அது. பொழுதோட வெளிச்சம் கொறையறப்ப, பகல் அலுப்பும் சேந்து, கொழப்பம் கூடுறது இந்த நோயில ரொம்ப சகஜம், டாக்டருங்க சன்டவுனிங்னு சொல்வாங்க.

எங்க அமுச்சியும் இப்படித்தான், துணியை மூட்டை கட்டிக்கிட்டு ஊருக்குப் போறேன்னு வாசப்படியில நிப்பாங்க, நானும் இதுதான் உங்க ஊருன்னு ஒரு மாசம் மல்லுக்கட்டுனேன், ஒண்ணும் நடக்கலை. ஒரு நாள் எங்கம்மா பேசாம மொறத்துல தட்டப்பயித்தைக் கொட்டி, ஆத்தா இதைக் கொஞ்சம் பொடைச்சுக் குடுத்துட்டுப் போன்னாங்க. மூட்டையை இடுப்போரம் வச்சுக்கிட்டே உக்காந்து, கல்லை ஒவ்வொண்ணாப் பொறுக்கி, எட்டு மணி வரைக்கும் பொடைச்சாங்க. ஊரு மறந்தே போச்சு.

அதனால கவுத்தைப் புடுங்காதீங்க. 4 மணிக்கே லைட்டைப் போட்டு, காப்பி குடுத்து, எந்த மாடுங்கத்தை, எத்தனை லிட்டர் கறக்கும்னு நீங்களே பேச்சை ஆரம்பிங்க, கையில நெலக்கடலை தொலிக்கக் குடுங்க. கேட்டுல மாட்டு மணி ஒண்ணைக் கட்டிவிட்டா தொறந்தாத் தெரியும், அவங்க இடுப்புப் பையில உங்க போன் நம்பரும் இருக்கட்டும். கை ஓங்குனா ஒரு எட்டு தள்ளி நில்லுங்க, பின்னாடி போயி மட்டும் புடிக்காதீங்க, பயந்துக்குவாங்க.

சங்கிலி விஷயம் மனசை அறுக்கும், எனக்குத் தெரியுமுங்க. அவங்களே எங்கயோ ஒளிச்சு வச்சுட்டு மறந்துடறாங்க, அப்பறம் காணோமேன்னு தேடறப்ப பக்கத்துல இருக்கறது நீங்கதானே. நான் எடுக்கலைன்னு சண்டைக்குப் போகாம, அடடா வாங்கத்தை தேடலாம்னு கூடப் போங்க. தலகாணி உறை, அரிசி டிரம், பழைய செருப்புக்குள்ளன்னு பாருங்க, குப்பையைக் கொட்டறதுக்கு முன்னாடியும் ஒருக்கா. ஒறம்பரைகளுக்கு இது நோயின்னு உங்க வீட்டுக்காரர்தான் சொல்லோணும், நீங்க சொன்னா எடுபடாது.

ஒண்ணு முக்கியம்: ரெண்டு மூணு நாளுக்குள்ள திடீர்னு கோவமோ கொழப்பமோ ஏறுச்சுன்னா டிமென்சியா முத்திப்போச்சுன்னு விட்டுடாதீங்க, மூத்திரத்துல கிருமி, மலச்சிக்கல், எங்கயாவது வலி, இதுல ஏதோ ஒண்ணு இருக்கலாம், அவங்களுக்குச் சொல்லத் தெரியாது, உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க.

தூக்க மாத்திரையை மெடிக்கல்ல கேட்டு வாங்கிக் குடுக்கவே குடுக்காதீங்க. தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு ஒடையும், கொழப்பமும் கூடும். ஆவேசத்தை அடக்கக் குடுக்கற சில மாத்திரையால டிமென்சியா இருக்கற வயசானவங்களுக்கு சாவு ஆபத்து கூடுதுன்னு அமெரிக்க மருந்துத் துறை 2005லயே எச்சரிச்சிருக்கு. டாக்டர் பாத்து எழுதுனா மட்டும், அவர் சொன்ன அளவுல, அவர் சொன்ன நாள் வரைக்கும்.

நீங்க ஒருத்தியே பாக்கறதுதான் எனக்குப் பெரிய கவலை. முதியோர் உதவிக்கு 14567, உங்க மனசு தாங்கலைன்னா 14416, ரெண்டும் இலவசம், தமிழ்லயே பேசலாம். வீட்டுக்காரர் வாரத்துல ரெண்டு நாளாவது தறியை நேரத்துல நிறுத்திட்டு நாலு மணிக்கு வீட்டுல இருக்கட்டும், அவங்கம்மாகூட அவரு கடலை தொலிக்கட்டும், நீங்க அந்த நேரம் கோயிலுக்கோ அம்மா வீட்டுக்கோ போயிட்டு வாங்க. அவரு முடியாதுன்னா இந்தப் பக்கத்தை அவருகிட்டயே படிக்கக் குடுங்க அம்மிணி.