பெங்களூரில் வீட்டு வேலை: திருட்டுப் பழி, சம்பளம், ரேஷன் கார்டு – கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கமிருந்து வந்து பெங்களூரில் வீட்டு வேலை செய்யும் பெண்களும், அவர்கள் பிள்ளைகளும், அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். அவசரமானது முதலில்.

ஈஜிபுரா, கல்லூரி மாணவர்: அக்கா, அம்மா வேலை செய்யும் வீட்டில் வளையல் காணோமாம். ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிப் போன் வந்திருக்கிறது. போகலாமா?

அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள், தம்பி. போன் வந்ததும் பதறி ஓடவும் வேண்டாம், போனை அணைத்துவிட்டு ஊருக்குப் போகவும் வேண்டாம். ஊருக்குப் போனால் ‘தப்பி ஓடிவிட்டாள்’ என்று எழுதிவிடுவார்கள்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற விசாரணை நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவுப்படி, ஒரு பெண்ணைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் அவர் குடியிருக்கும் இடத்துக்குப் போலீஸ்தான் வர வேண்டும். 35-ஆம் பிரிவின் கீழ் எழுத்தில் நோட்டீஸ் வந்தால் அது வேறு. கட்டாயம் போக வேண்டும், வக்கீலோடு போங்கள். வேலை செய்யும் வீட்டில் திருடியதாகப் போடும் வழக்குக்கு அதிகபட்சத் தண்டனை 7 ஆண்டு. அந்த அளவுக்குள் அடங்கும் வழக்குகளில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, முதலில் நோட்டீஸ் என்பதுதான் முறை. சூரியன் மறைந்த பிறகு, விடிவதற்குள் ஒரு பெண்ணைக் கைது செய்ய மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் பெண் போலீஸும் வேண்டும். உடம்பைச் சோதிப்பது பெண் போலீஸ் மட்டும்தான். வீட்டுக்கார அம்மாவோ செக்யூரிட்டியோ புடவையை உதறிக் காட்டச் சொன்னால் அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

இன்றே செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, 15100-க்குப் போன் செய்யுங்கள். அது இலவசச் சட்ட உதவி எண். பெண் என்றாலே, வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச வக்கீலுக்கு உரிமை உண்டு. இரண்டு, அபார்ட்மென்ட் அசோசியேஷனுக்கு எழுத்தில் ஒரு மனு: இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை லிஃப்ட், கேட் சி.சி.டி.வி. பதிவை அழிக்காமல் வைக்கவும். பல இடங்களில் 15, 30 நாளில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். கேட் ஆப்பில் அம்மா உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் நிமிடக் கணக்கில் இருக்கும். கண்காணிக்க வைத்த அந்தப் பதிவே அம்மாவுக்குச் சாட்சி சொல்லும்.

எதிலும் கையெழுத்து வேண்டாம். கன்னடத்தில் எழுதிய தாள் என்றால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்கவே கூடாது. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் கோர்ட்டில் சாட்சியமாக எடுபடாது, ஆனால் ‘பணத்தைத் திருப்பித் தருகிறேன்’ என்று வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த சமாதானச் சீட்டு பின்னாளில் கழுத்தை நெரிக்கும். சம்பளப் பாக்கியை விட்டுக்கொடுத்தால் புகாரை எடுத்துவிடுகிறோம் என்று பேரம் வரும். அதற்கும் தலையாட்ட வேண்டாம்.

விவேக் நகர், மூன்று வீட்டு வேலை: இரண்டு மாதச் சம்பளம் தராமல் நிறுத்திவிட்டார்கள். என்னிடம் எந்தப் பேப்பரும் இல்லையே?

இருக்கிறது, நீங்கள் பேப்பர் என்று நினைக்காதது இருக்கிறது. முந்தைய மாதங்களில் போன்பே, கூகுள் பேயில் வந்த பணம். ‘நாளை சீக்கிரம் வா’, ‘விருந்தாளி வர்றாங்க’ என்று வந்த வாட்ஸ்அப், வாய்ஸ் மெசேஜ். கேட் ஆப் வருகை. போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு அவர்கள் கொடுத்த படிவம். இவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வையுங்கள். வேலையை விட்டதும் கேட் பாஸை நீக்கிவிடுவார்கள், அதற்கு முன் எடுக்க வேண்டும்.

பிறகு கணக்கை ஒரு தாளில் எழுதி, வாட்ஸ்அப்பில் அந்த வீட்டுக்கு அனுப்பி, 7 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் ‘கொஞ்சம் பொறு’ என்று வந்தாலும் பாக்கியை ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்கும் அசையாவிட்டால் பன்னேர்கட்டா ரோட்டில் டெய்ரி சர்க்கிள் அருகே கார்மிக பவனில் தொழிலாளர் துறை இருக்கிறது. கர்நாடகா 2004-லேயே வீட்டு வேலையைக் குறைந்தபட்சக் கூலிப் பட்டியலில் சேர்த்த மாநிலம், நாட்டிலேயே முதலில். ‘வீட்டு வேலை எங்கள் கணக்கில் வராது’ என்று கவுண்டரில் யாராவது சொன்னால் அதைச் சொல்லுங்கள்.

கோரமங்களா ராஜேந்திர நகர்: புது வீட்டில் எவ்வளவு கேட்பது என்றே தெரியவில்லை அக்கா. பக்கத்து வீட்டு ரேட் சொல்லி அமுக்கிவிடுகிறார்கள்.

வேலையை எண்ணிப் பேசாமல் மணியை எண்ணிப் பேசுங்கள். பெருக்கித் துடைக்க, பாத்திரம் தேய்க்க, பாத்ரூம் கழுவ என்று இரண்டரை மணி நேரம் ஆகிறது என்றால், மாதம் 26 நாளுக்கு 65 மணி நேரம். 4,000 ரூபாய் என்றால் மணிக்கு 61 ரூபாய் சொச்சம்தான் விழுகிறது. இதை அவர்கள் முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள். எத்தனை பேர், எத்தனை பாத்ரூம், பால்கனி உண்டா, நாய் உண்டா, குக்கர் எத்தனை என்று முதல் நாளே கேளுங்கள். மாமியார் ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் தங்கினால் கூடுதல் எவ்வளவு என்பதையும் அப்போதே முடிவு செய்ய வேண்டும். சண்டையில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. குறைந்தபட்சக் கூலியின் பஞ்சப்படி கர்நாடகாவில் ஏப்ரல் 1-இல் மாறும். ஆகவே சம்பள உயர்வையும் ஏப்ரலில் கேட்பது வசதி.

எல்.ஆர். நகர்: ரேஷன் கார்டு திருவண்ணாமலையில். இங்கே மாற்றிக்கொள்வதா, அங்கேயே விடுவதா? பஸ்ஸிலும் எனக்கு மட்டும் டிக்கெட் கேட்கிறார்கள்.

பஸ் விஷயம் எளிது. 2023 ஜூன் 11-இல் தொடங்கிய சக்தி என்ற இலவசப் பஸ் பயணத் திட்டம் கர்நாடக முகவரி உள்ள பெண்களுக்கு மட்டும். ஆதாரில் ஊர் முகவரி இருந்தால் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும். பத்து வருஷம் இங்கேயே உழைத்தவருக்கு இது வலிக்கும், நியாயமான வலிதான்.

கார்டுதான் சிக்கல். இரண்டு மாநிலத்தில் இரண்டு கார்டு வைத்திருக்க முடியாது, ஆதாரில் மாட்டும். இங்கே கார்டு எடுத்து அதில் குடும்பத் தலைவியாக இருந்தால் கர்நாடக அரசு குடும்பத் தலைவிக்கு மாதந்தோறும் தரும் கிருஹலட்சுமி 2,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஊர்க் கார்டிலிருந்து பெயரை எடுத்தால் மகளிர் உரிமைத் தொகை 1,000, பொங்கல் பரிசு, ஊர்க் கடையின் பருப்பு, பாமாயில் எல்லாம் போகும். புது கார்டு கைக்கு வர எவ்வளவு மாதம் ஆகும் என்பதும் நம் கையில் இல்லை, இடைப்பட்ட காலத்தில் இரண்டும் இல்லாமல் நிற்க நேரிடும். என் யோசனை: வயதான மாமியாரோ பிள்ளையோ ஊரில் இருந்தால் ஊர்க் கார்டைத் தொடாதீர்கள். குடும்பம் மொத்தமும் இங்கே வந்து, பிள்ளைகள் இங்கே பள்ளியில் படித்து, கர்நாடக முகவரிக்கு வாடகை ஒப்பந்தமும் இருந்தால் மாற்றலாம்.

ஊர்க் கார்டை வைத்துக்கொண்டே இங்கே அரிசி வாங்க ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ இருக்கிறது. தமிழ்நாடு 2020 அக்டோபர் 1-இல் சேர்ந்தது. உங்கள் ஸ்மார்ட் கார்டில் உள்ள குறியீட்டைப் பாருங்கள். பி.எச்.எச். என்றிருந்தால் ஆளுக்கு மாதம் 5 கிலோ இங்கே எந்த ரேஷன் கடையிலும் எடுக்கலாம். என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்றிருந்தால் இங்கே கிடைக்காது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, வீண் சண்டை வேண்டாம். வீட்டில் நான்கு பேர் என்றால் இரண்டு பேருக்கான அரிசியை நீங்கள் இங்கே எடுத்துக்கொண்டு, மீதியை ஊரில் மாமியார் எடுக்கலாம். அன்னபாக்கியா என்ற ரேஷன் திட்டத்தில் கர்நாடகா தன் கார்டுக்காரர்களுக்குக் கூடுதலாகக் கொடுப்பது உங்களுக்கு வராது.

அதே பகுதி, இன்னொருவர்: எனக்குக் கைரேகையே விழமாட்டேங்குது.

பாத்திரம் தேய்ப்பவர்களுக்கு இது சகஜம். விம், சலவைத் தூள், பிளீச் எல்லாம் சேர்ந்து விரல் நுனியின் கோடுகளைத் தேய்த்துவிடும். ரேஷன் கடைக்குப் போகும் முந்தைய இரவு கையில் வாசலின் தடவித் தூங்குங்கள், காலையில் வேலைக்குப் போகும் முன்பே கடைக்குப் போங்கள், மோதிர விரலையும் இடது கையையும் வைத்துப் பாருங்கள். அதிலும் விழாவிட்டால் கண் கருவிழி, ஓ.டி.பி. இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். ஓ.டி.பி. வர ஆதாரில் இப்போதைய போன் எண் இருக்க வேண்டும். ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பித்துக்கொள்வது நல்லது.

ஸ்ரீராமபுரம்: விரல் இடுக்கில் வெடிப்பு, நகத்தைச் சுற்றி வீக்கம், சீழ். பாத்ரூம் கழுவும்போது மூச்சும் அடைக்கிறது.

மூச்சுத் திணறலை முதலில் சொல்கிறேன், அது உயிருக்கு ஆபத்து. டாய்லெட் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். ஒன்றை ஊற்றி, நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் மற்றதை ஊற்றினாலும் அதேதான். கண் எரிந்து இருமல் வந்தால் கதவைத் திறந்து உடனே வெளியே வந்துவிடுங்கள், கழுவி முடித்துவிட்டு வரலாம் என்று நிற்காதீர்கள். கடையில் வாங்கும் சாதாரண பிளீச் திரவமென்றால் 5 லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு 100 மில்லி போதும். சுடுதண்ணீரில் கலக்க வேண்டாம், நெடி அதிகமாகும்.

நகச்சுத்தி வருவதற்குக் காரணம் நாள் முழுக்க ஈரம். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யுங்கள், அதன் அடியில் சோப்பு தங்கித்தான் முதல் புண் வரும். ரப்பர் கையுறைக்குள் மெல்லிய பருத்திக் கையுறை போட்டால் வியர்வை ஊறாது. வெறும் ரப்பரை மணிக்கணக்கில் போட்டிருந்தால் புண் கூடத்தான் செய்யும். ஒவ்வொரு வீட்டையும் விட்டுக் கிளம்பும்போது விரல் இடுக்கைத் துணியால் ஒற்றித் துடையுங்கள். சீழ் இருப்பதால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மஞ்சள் பற்றோடு விட்டுவிடாதீர்கள்.

ஒயிட்ஃபீல்ட், அபார்ட்மென்டில் குடியிருப்பவர்: எங்கள் வீட்டு அக்காவுக்கு நாங்கள் என்ன செய்தால் சரியாக இருக்கும்?

டாய்லெட்டைத் திறந்து விடுங்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பி நான்கு வீடு முடித்து இரண்டு மணிக்குத் திரும்பும் பெண்கள், போக இடமில்லை என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று வந்து மாதம் நான்கு நாள் படுக்கிறார்கள், அந்த நான்கு நாளும் சம்பளம் பிடிபடுகிறது. கீழ்த்தளத்தில் டிரைவர்களுக்கு இருக்கும் டாய்லெட்டைக் காட்டாதீர்கள். அடுத்து, வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம், நீண்ட கைப்பிடி உள்ள துடைப்பான். நீங்கள் ஊருக்குப் போகும் மாதம் முழுச் சம்பளம் கொடுங்கள், அவர் வரத் தயாராகத்தானே இருக்கிறார்.

ஜெயநகர்: ஊரிலிருந்து 13 வயதுப் பெண்ணைக் குழந்தை பார்த்துக்கொள்ள அழைத்து வரலாமா? பள்ளிக்கும் அனுப்புவோம்.

கூடாது. 14 வயதுக்குக் கீழ் வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதலே தடை. பள்ளிக்கு அனுப்புவது அதை நியாயமாக்காது. இப்படி ஒரு பிள்ளை பக்கத்து வீட்டில் இருப்பது தெரிந்தால் 1098-க்குச் சொல்லுங்கள்.

ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட், வீட்டோடு தங்கி வேலை: ஆஸ்பத்திரிச் செலவுக்கு 40,000 வாங்கினேன். அது கழியும் வரை வெளியே விட மாட்டோம் என்கிறார்கள். ஆதாரும் அவர்களிடம். அந்த வீட்டு ஐயாவின் பார்வையும் பேச்சும் சரியில்லை.

அம்மா, இதில் மூன்றுமே சட்ட விரோதம். கடனுக்காக ஆளைப் பிடித்து வைப்பது 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை, அந்தச் சட்டப்படி அந்தக் கடனே ரத்தாகும். ஆதாரைப் பிடித்து வைக்க அவர்களுக்கு அதிகாரமில்லை. நகல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், அதற்காக அங்கே காத்திருக்காதீர்கள். பாலியல் தொல்லைச் சட்டம் 2013, வீட்டையும் வேலையிடமாகவே கணக்கில் எடுக்கிறது. நடந்ததிலிருந்து 3 மாதத்துக்குள் மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவில் புகார் கொடுக்கலாம். வீட்டு வேலை செய்பவரின் புகாரில் முகாந்திரம் இருந்தால் குழு 7 நாளுக்குள் போலீஸுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் முதலில் அங்கிருந்து வெளியே வாருங்கள். அவசர உதவிக்கு 112, அல்லது பெண்கள் உதவி எண் 181. போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்றால், குப்பை போட இறங்கும்போது பக்கத்து வீட்டு வேலைக்காரப் பெண்ணிடம் ஊர் எண்ணைச் சொல்லி வையுங்கள்.

ஆஸ்டின் டவுன்: தங்கச்சிக்கு 27 வயது. குவைத்தில் வீட்டு வேலை, விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட்.

அனுப்பாதீர்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவரின் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். வகை, அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி தேவைப்படுவது. அதில் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும், அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக முடியும். அந்த இரண்டையும் தாண்டிப் போகத்தான் விசிட் விசா என்ற குறுக்குவழி. குவைத்தின் 2015-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்டம் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு, பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்கிறது. முறையான வேலை விசா இல்லாதவர் அந்த உரிமைகளைக் கேட்கப் போனால் முதலில் அவரைத்தான் பிடிப்பார்கள். ஏஜென்டின் பதிவு எண்ணை இ-மைக்ரேட் என்ற மத்திய அரசு இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எண் தர மறுத்தால் பேச்சை அத்தோடு முடித்துவிடுங்கள்.

சிவாஜி நகர்: இ-ஷ்ரம் கார்டு எடுத்தால் பென்ஷன் வருமா?

தானாக வராது, பலரும் இதில் ஏமாறுகிறார்கள். இ-ஷ்ரம் வெறும் பதிவு. 16 முதல் 59 வயது வரை எடுக்கலாம், செலவில்லை. பென்ஷனுக்குப் பிரதமர் ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்தில் தனியாகச் சேர வேண்டும். வயது 18 முதல் 40 வரை, மாத வருமானம் 15,000-க்குள். 18 வயதில் சேர்ந்தால் மாதம் 55 ரூபாய், 29-இல் 100, 40-இல் 200. அதே தொகையை மத்திய அரசும் போடும், 60 வயதுக்குப் பிறகு மாதம் 3,000. பொதுச் சேவை மையத்துக்கு ஆதாரும் வங்கிப் பாஸ்புக்கும் கொண்டு போங்கள். பணம் கணக்கிலிருந்து தானாகப் பிடிபடும், அதனால் சம்பளம் வந்து விழும் கணக்கையே கொடுங்கள்.