பெருந்தொற்றுக் காலத்தில் நாமே மருந்து வாங்கிச் சாப்பிட்டால் என்ன ஆகும்?

காய்ச்சல் வந்ததும், தெரிந்தவருக்கு எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டைப் பார்த்து நாமும் வாங்கிச் சாப்பிடலாமா என்பது கேள்வி. கோவிட் நேரத்தில் இப்படிக் கைமாறிய சீட்டுகளில் பலவும் உண்மையான மருந்துகள்தான். ஆனால் சீட்டில் மருந்தின் பெயர் இருக்கும்; அது நோயின் எத்தனையாவது நாள், ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது, அவருக்குச் சர்க்கரை உண்டா என்பதெல்லாம் இருக்காது. ஆபத்து அங்கேதான்.

டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூனில், மருத்துவமனையில் சேர்ந்த கோவிட் நோயாளிகளிடம் இதைச் சோதித்த பிரிட்டனின் ரெகவரி ஆய்வு முடிவு வந்தது. தினம் 6 மி.கி., அதிகபட்சம் 10 நாள் கொடுத்ததில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதே ஆய்வில், ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பயனும் தெரியவில்லை. முதல் வாரத்தில் வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும். அப்போது ஸ்டீராய்டு போட்டால் உடலின் எதிர்ப்பைத்தான் அடக்குகிறோம். காய்ச்சல் இறங்கும், பசி எடுக்கும், தெம்பாக இருக்கும். குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே நுரையீரல் கெட்டுக்கொண்டிருக்கலாம். சர்க்கரையும் ஏறும். 2021இல் இந்தியாவில் பரவிய கருப்புப் பூஞ்சை நோய்க்குக் கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் பெரிய காரணங்கள். இந்த ஒரு மாத்திரையை மட்டுமாவது யாரும் தாமாகத் தொடவே கூடாது.

அடுத்தது, எல்லோரும் பயமில்லாமல் போடுகிற பாராசிட்டமால். சரியான அளவில் நல்ல மருந்து. பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மி.கி.; இரண்டு வேளைக்கு நடுவில் 4 முதல் 6 மணி நேரம்; 24 மணி நேரத்தில் 4000 மி.கி.யைத் தாண்டக் கூடாது. எடை குறைந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், தினம் மது அருந்துபவர்களுக்கு இதைவிடக் குறைவு. தவறு எப்படி நடக்கிறதென்றால், 650 மி.கி. மாத்திரை நான்கு வேளை போட்டால் 2600. கூடவே சளிக்கென்று ஒரு கூட்டு மாத்திரை. அதிலும் 500 மி.கி. பாராசிட்டமால், மூன்று வேளைக்கு 1500. மொத்தம் 4100. சாப்பிடுபவருக்கு அது தெரியாது. அட்டையைத் திருப்பிச் சிறிய எழுத்தில் உள்ள மூலப்பொருளைப் படியுங்கள். அசிட்டமினோஃபென் என்று போட்டிருந்தாலும் இதே மருந்துதான். அளவு மீறினால் முதல் நாள் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கல்லீரலைக் காக்கும் மாற்று மருந்தோ 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். அதனால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குழந்தைகளுக்கு எடைக் கணக்கு: கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி.யைத் தாண்டக் கூடாது. மி.லி.க்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. உள்ளே போய்விடும்.

அசித்ரோமைசின் பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது. மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கோவிடுக்குப் பயன்படுத்த அமெரிக்கா 2020 மார்ச்சில் கொடுத்த அவசர அனுமதியை ஜூனிலேயே திரும்பப் பெற்றது. இரண்டும் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடியவை. சேர்த்துப் போட்டால் அந்த ஆபத்து கூடும். வைட்டமின் டி 60,000 யூனிட் பொதுவாக வாரத்துக்கு ஒன்று. அதைத் தினமும் சாப்பிட்டுக்கொண்டே போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது மருந்தைவிட ஆக்சிஜன் அளவு பார்ப்பதுதான். ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். நகப்பூச்சை அழித்து, விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கி, ஆக்சிமீட்டரை மாட்டி எண் ஒரு இடத்தில் நிற்கும்வரை பொறுங்கள். 94க்குக் கீழே வந்தால், மூச்சுத் திணறல் இல்லாவிட்டாலும், உடனே மருத்துவரிடம் பேசுங்கள். எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ குழப்பமாகப் பேசினாலோ கருவியை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம், மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது அதுவரை சாப்பிட்ட எல்லா அட்டைகளையும், எந்த நேரம் எத்தனை என்று எழுதிய தாளையும் கையோடு கொண்டுபோங்கள். தானாக ஸ்டீராய்டு போட்டிருந்தால் அதை மறைக்காமல் முதலில் சொல்லுங்கள்.